எழுபத்துநான்காம் டப்பா

ஹௌன்ஸ்லோவில் முப்பது வருஷம் சலவைக்கூடமாக இருந்து, பிறகு ஸ்டூடியோ என்று ஒரு பலகையை மாட்டிக்கொண்ட கட்டடம் அது. 1965 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, தயாரிப்பாளர் ஹெக்டர் புல்லன் இரண்டு கைகளிலும் ஈரமான பிலிம் துண்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். விலாங்கு மீன் வாங்கியவர் பை கொண்டுவர மறந்துவிட்டதுபோல் இருந்தது பார்க்க. நேராக எட்வின் கிரிம்ஷாவின் நாற்காலிக்கு வந்து, பாதியை அவர் மடியில் போட்டார்.

"மிஸ்டர் கிரிம்ஷா, நீங்க நெசமாவே ஒற்றரா இருந்தவர்தானே?"

"கடுதாசி படிச்சிக்கிட்டிருந்தேன்," என்றார் கிரிம்ஷா.

"அது போதும். இதையும் படிங்க."

கிரிம்ஷா சொன்னதில் பொய் இல்லை. அரசாங்கத்தின் ஒரு ரகசிய அலுவலகத்தில் இருபத்தோரு வருஷம் உட்கார்ந்து பிறர் கடிதங்களைப் படித்து, ஒட்டி, திரும்ப அனுப்பியவர் அவர். ஓய்வு பெற்றதும் புல்லன் அவரைப் பிடித்து, 'கர்னலின் குடை' என்ற தமது ஒற்றர் நகைச்சுவைப் படத்துக்கு ஆலோசகர் ஆக்கினார். மூன்று வாரத்தில் கிரிம்ஷா சொன்ன ஆலோசனை ஒன்றே ஒன்று. ஒற்றர்கள் பொய்த்தாடி வைப்பதில்லை என்றார். அன்று மாலையே படத்தில் இரண்டு தாடிகள் கூடின.

மற்றபடி அது சிக்கனத்துக்குப் பேர்போன படம். அதில் வரும் ரஷ்யப் படை மொத்தம் இரண்டு பேர். கேமரா முன்னால் நடந்துபோய், திரைக்குப் பின்னால் ஓடி, மறுபடி முதலிலிருந்து நடந்து வருவார்கள். செவ்வாய் சாயங்காலம் வரை மாஸ்கோவாக இருந்த பலகைகளைப் பிரித்துத் திருப்பி அடித்து, புதன்கிழமை லண்டன் அமைச்சகம் ஆக்கியிருந்தார்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால், பாத்திரங்கள் ரகசியம் பேசும்போதெல்லாம் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கும்.

கிரிம்ஷாவின் நாற்காலிக்கு அருகே ஒரு முக்காலியில் எனிட் பார்ஸ்லோ உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. கன்டினியூட்டி பார்ப்பது அவள் வேலை. யார் எந்தக் கையில் கோப்பை பிடித்தார், எந்தப் பொத்தான் திறந்திருந்தது, எத்தனை வினாடி ஆனது, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். வாரம் இரண்டு துப்பறியும் நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துவிடுகிறவள். எழுதி வைத்தது எல்லாம் புரிந்துவிட்டது என்று நம்புகிறவள். புல்லன் பேச ஆரம்பித்ததும் பென்சிலைத் தீட்டிக்கொண்டாள்.

"எழுபத்துநாலாம் நம்பர் டப்பா," என்றார் புல்லன். "துவைக்கிற தொட்டியில கெடந்துது. நார்மன் வேலைதான், வேற யாரு. நேத்து எல்லாரும் கேக்கச் சொன்னான்ல, இந்தப் படத்தைக் கொளுத்தணும்னு. நாலு மணிக்கு யூனியன்லேருந்து கிரேக் வர்றாரு. நார்மனோட கார்டைப் பிடுங்கச் சொல்லப் போறேன். எழுத்துல ஒரு காரணம் கேப்பாரு. அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"நார்மன்தான்னு கண்டுபிடிக்கணுமா, யாருன்னு கண்டுபிடிக்கணுமா?"

புல்லன் யோசித்தார். "ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா இல்லாமப் போனா?"

"நாலு மணிக்குள்ள இல்லாமப் போகட்டும்."

யூனியன் கார்டு போவதென்றால் என்ன என்று எனிடுக்குத் தெரியும். அந்த அட்டை இல்லாதவனை நாட்டில் எந்த ஸ்டூடியோவும் வாசலுக்குள் விடாது. நார்மன் ஹெஸ்லப்புக்கு நாற்பத்தாறு வயது. கேமராவில் பிலிம் மாட்டுவது, எடுத்ததை டப்பாவில் போட்டு ஒட்டுவது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் கிளாப் பலகையைத் தட்டுவது, இவை மூன்றையும் இருபத்தாறு வருஷமாகச் செய்துவருகிறவன். நாலாவதாக ஒன்று அவனுக்குத் தெரியாது.

படத்தைக் கொளுத்தணும் என்று நார்மன் சொன்னது உண்மைதான். எனிட் நோட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினாள். 'ஸ்லேட் 88. காட்சி 74. டேக் 19.' ஆல்பி டன்ஸ்டர் அமைச்சர் முன்னால் நின்று ஒன்றரைப் பக்கம் பேச வேண்டிய காட்சி. ஆல்பிக்கு எழுபத்தொரு வயது. ஐம்பது வருஷம் மேடையில் ஊரைச் சிரிக்கவைத்தவர். ஏழாவது டேக்கில் வார்த்தைகள் அவரை விட்டுப் போயின. பன்னிரண்டாவதில் டைரக்டர் ரோலண்ட் கீபிள் வசனத்தைக் கரியால் இரண்டு அட்டைகளில் எழுதச் சொல்லி, இரண்டு லைட்காரர்களைக் கேமராவுக்கு இருபுறமும் பிடிக்க வைத்தார். ஆல்பி இரண்டாவது அட்டையை முதலில் படித்தார். யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று ஆல்பிக்குத் தெரியாமல் இருந்திருக்காது; சிரிப்பில் அவர் பார்க்காத வகை இல்லை. அப்போதுதான் நார்மன் கிளாப் பலகையைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் படத்தை மொத்தமாக் கொளுத்தினாலும் பாவமில்ல," என்றான்.

அன்று ஆறு மணிக்கு எல்லாரும் மழையில் பஸ்ஸுக்காக அரை மணி நேரம் உள்ளே வெளியே என்று அலைந்துகொண்டிருந்தார்கள். யாருக்காகவும் யாரும் சாட்சி சொல்ல முடியாது.

கிரிம்ஷா எழுந்து துவைக்கும் அறைக்குப் போனார். எனிட் பின்னாலேயே போனாள். மேலே பெரிய கண்ணாடிக் கூரை. காலை வெளிச்சம் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீரில் மிச்சப் பிலிம் மிதந்தது. எல்லாம் ஒரு முழ நீளத் துண்டுகள், விளிம்பு நேராக வெட்டப்பட்டவை. பக்கத்தில் திறந்த டப்பா. அதைச் சுற்றி ஒட்டியிருந்த பட்டை நாலைந்து இடத்தில் கத்தரிக்கப்பட்டிருந்தது. மூடியில் நார்மனின் கையெழுத்து: 'கர்னலின் குடை. ரோல் 29. 74.'

"கத்திரிக்கோல்," என்றாள் எனிட்.

"ம்."

"சின்னக் கத்திரிக்கோல். நகம் வெட்டறது மாதிரி. பொம்பளையா இருக்கலாம்."

"எழுதிக்கோங்க," என்றார் கிரிம்ஷா. அவர் பிலிமை விட்டுவிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானூறு அடி பிலிமை முழம் முழமா வெட்டி, குழாயைத் திறந்து ஊற வெச்சிருக்காரு. எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷமாவது ஆகும்."

"பாவம், நல்ல உழைப்பாளி."

பிலிம் டப்பாக்கள் இருட்டறையை ஒட்டிய அலமாரியில் இருந்தன. எடுத்த பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட லேபுக்குக் கொண்டுபோகும் வண்டி, சிக்கனத்துக்காக, வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலைதான் வரும். அதுவரை எடுத்ததெல்லாம் அங்கேதான். அறுபத்தாறிலிருந்து தொண்ணூறு வரை நம்பர் எழுதிய டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எதிலும் பட்டை கலையவில்லை. நடுவில் ஒன்று மட்டும் உருவப்பட்டிருந்தது.

நார்மன் அலமாரிக்கு எதிரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். கை சும்மா இருக்கமாட்டாமல், காலி டப்பா ஒன்றை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது. பட்டையின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. முழுதாக வந்ததைத் தொடையில் ஒட்டி வைத்துக்கொள்வான்.

"அலமாரிச் சாவி எங்க இருக்கும்?" என்று கேட்டார் கிரிம்ஷா.

"அந்த ஆணியில."

"உங்க பாக்கெட்ல இல்ல இருக்கணும்?"

"பாக்கெட்ல வெச்சா வீட்டுக்கு வந்துடுது சார். ரெண்டு தடவ வந்துடுச்சு. அதுலேருந்து ஆணிதான். டீக்காரம்மாவுக்குக்கூடத் தெரியும்."

"எழுபத்துநாலுல என்ன இருந்துச்சு?"

நார்மனின் கை நின்றது. "செவ்வாக்கிழமை எடுத்தது. ரஷ்ய அதிகாரி முன்னாடி ஆல்பி ரகசியக் காகிதத்தைச் சாப்பிடறது. ஒரே டேக். பலகையைத் தட்டிட்டு ஒதுங்கி, சட்டைக் கையைக் கடிச்சிக்கிட்டு நின்னேன். நான் சிரிச்சு அது கெட்டுடக் கூடாதுன்னு. மைக் பிடிக்கிறவனுக்குக் கண்ணுல தண்ணி. இத்தனை வருஷத்துல நான் தட்டின பலகைக்கெல்லாம் அந்த ஒண்ணு போதும் சார். அதை நான் வெட்டுவேனா?"

"வெட்டினீங்கன்னு புல்லன் சொல்றாரு."

"புல்லனுக்கு என்ன தெரியும். எங்கப்பா தோள்மேல உக்காந்து ஹாக்னியில மேடையில ஆல்பி டன்ஸ்டரைப் பாத்தவன் நான். நேத்து அந்த மனுஷனைப் பாத்து அவனுங்க சிரிச்சானுங்க. வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுக்குக் கார்டையா புடுங்குவாங்க?"

"புடுங்குவாங்க," என்றாள் எனிட், மறைக்கத் தெரியாமல்.

டைரக்டர் கீபிள் கழுத்துத் துணியும் கலைந்த தலையுமாக அமைச்சகத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். இருபத்தொன்பது வயது. அழுதிருக்கிறார் என்று எனிட் எழுதிக்கொண்டாள்.

"இந்தப் படத்துல வேடிக்கையா இருந்தது அந்த ரெண்டரை நிமிஷம் ஒண்ணுதான்," என்றார் கீபிள். "நானா எடுத்தேன், அதுவா நடந்துச்சு. திரும்ப எடுக்கலாம்னா மாஸ்கோ எங்க இருக்கு? நான் உக்காந்திருக்கேன் பாருங்க, இதான் மாஸ்கோ. அந்த ரஷ்யக்காரன் பிரிஸ்டலுக்கு நாடகத்துக்குப் போயிட்டான்."

"எந்த ஷாட் போச்சுன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"புல்லன், நான், நார்மன், இப்ப நீங்க ரெண்டு பேர். வேற யாருக்கும் சொல்லல. எழுபத்துநாலாம் டப்பா கெட்டுப்போச்சு, நார்மனை விசாரிக்கிறோம்னு மட்டும் அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கு. தயவுசெஞ்சு ஆல்பிகிட்ட விஷயத்தைச் சொல்லிடாதீங்க. அவருக்குச் சாயங்காலம் ஷாட் இருக்கு. போனது அதுன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு."

அங்கிருந்து நகர்ந்ததும் எனிட் குரலைத் தாழ்த்தினாள். "கீபிள்தான். ஆல்பியோட பெருமை பொறுக்கல. 'நானா எடுத்தேன்'னு கேட்டாரே, கவனிச்சீங்களா? பொறாமை."

"கீபிள் கெடுக்கணும்னா ஒரு நொடி மூடியைத் திறந்து மூடியிருப்பாரு மிஸ் பார்ஸ்லோ," என்றார் கிரிம்ஷா.

அதை ஏன் சொன்னார் என்று எனிடுக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

ஆல்பி டன்ஸ்டரின் அறை ஒரு காலத்தில் இஸ்திரி போட்ட அறை. அவர் முகத்துக்குப் பாதி மேக்கப் போட்டுக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தார். மேசையில் ஸ்கிரிப்ட் விரித்தபடி கிடந்தது. விளிம்பெல்லாம் பென்சில் கோடு.

"வாங்க ஒற்றரே. யாரைக் கவுக்க வந்தீங்க? வா ஐவி கண்ணு, உக்காரு."

"எனிட்," என்றாள் எனிட். அவர்கள் சேர்ந்து வேலை பார்த்த ஒன்பதாவது படம் அது.

"அதான் சொன்னேன். எனிட். டீ குடிக்கிறீங்களா? பால் மட்டும் இல்ல. பசு கோவிச்சிக்கிட்டுப் போயிடுச்சு."

"ஒரு டப்பா கெட்டுப்போச்சு மிஸ்டர் டன்ஸ்டர்," என்றார் கிரிம்ஷா. "எழுபத்துநாலு. அறிவிப்புப் பலகையில பாத்திருப்பீங்க."

"பாத்தேன், பாத்தேன்." ஆல்பி கெட்டிலின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "பாவம், அந்தப் பசங்கதான். அட்டையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு கை கடுக்க நின்னானுங்க. எல்லாம் வீணாப் போச்சு. போனது போகட்டும். பெரிய இழப்பு ஒண்ணும் இல்ல, என்ன சொல்றீங்க? நார்மனை ஒண்ணும் செய்ய மாட்டாங்களே?"

"நாலு மணிக்கு அவர் கார்டைக் கேக்கப் போறாங்க."

"சும்மா மெரட்டுவாங்க. கடைசில விட்டுடுவாங்க," என்றார் ஆல்பி. தண்ணீர் கொதித்துவிட்டது; அவர் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கிரிம்ஷா கேட்டார், "அவர் சொன்னதை எழுதிக்கிட்டீங்களா?"

"வார்த்தைக்கு வார்த்தை."

"உங்க நோட்டைக் கொஞ்சம் குடுங்க."

மதியம் எல்லாரும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருக்க, கிரிம்ஷா தமது நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய நோட்டைப் படித்தார். பிறர் கடிதத்தைப் படித்துப் பழகியவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். எனிட் மூன்று முறை டைரக்டரைப் பற்றியும் ஒரு முறை டீக்காரம்மாவைப் பற்றியும் தன் கருத்தைச் சொன்னாள். அவர் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னார்.

நாலு மணிக்கு டீ வந்தது. அந்த நாட்டில் டீ வரும்போது கேமரா ஓடாது. ஓட்டினால் யூனியன் விடாது. யூனியனின் கிரேக்கும் டீ வந்த நேரத்துக்கே வந்து சேர்ந்தார். மேசை மேல் ஒரு படிவத்தை வைத்து, பேனாவைத் திறந்தார். புல்லன், கீபிள், நார்மன், ஆல்பி, எனிட், எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் கோப்பைகளோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"சுருக்கமா சொல்லுங்க," என்றார் புல்லன். "நாலரைக்கு ஷாட்."

கிரிம்ஷா டீயில் சர்க்கரையைக் கலக்கினார். "பிலிமைக் கொல்ல என்ன வேணும், மிஸ்டர் ஹெஸ்லப்?"

"வெளிச்சம் சார். டப்பாவைத் திறந்தா முடிஞ்சுது."

"கத்திரிக்கோல்?"

"எதுக்கு?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். விளக்கு வெளிச்சத்துல நின்னு மூடியைத் திறந்த அந்த நிமிஷமே பிலிம் செத்தாச்சு. செத்ததை இருபது நிமிஷம் வெட்டி, தண்ணியில முக்கி வெச்சிருக்காங்க. வெளிச்சம் பட்டாலே போதும்ங்கறது அந்த ஆளுக்குத் தெரியல. அந்த ஆள் கேமராக்காரர் இல்ல, டைரக்டர் இல்ல, தயாரிப்பாளர் இல்ல. பட்டையைக்கூடக் கத்தரிச்சிருக்காங்க. ஒரே இழுப்புல வர்றது. மிஸ்டர் ஹெஸ்லப்போட தொடையைப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். நார்மனின் தொடையில் நாலு பட்டைகள் ஒட்டியிருந்தன.

"தெரியாத மாதிரி நடிச்சிருக்கலாம்," என்றார் புல்லன்.

"இருக்கலாம். ஆனா எதுக்கு எழுபத்துநாலை எடுக்கணும்? அடுக்கி வெச்ச டப்பாக்களோட நடுவிலேருந்து அதை உருவியிருக்காங்க. படத்தைக் கெடுக்கணும்னா மேல இருக்கறதை எடுத்தாப் போதும். நம்பர் பாத்துத் தேடி எடுத்திருக்காங்க. ஆனா அந்த ஷாட்டை வெறுத்தவங்க இங்க யாருமே இல்ல. அதைப் பத்திப் பேசின எல்லாருக்கும் கண் கலங்குது. அப்ப வேற எதையோ தேடிப் போய், தப்பா அதை எடுத்திருக்காங்க."

எனிட் தன் முன்னால் கிடந்த நோட்டைப் பார்த்தாள். வியாழக்கிழமைப் பக்கத்தில் கிரிம்ஷா ஒரு துண்டுக் காகிதம் சொருகியிருந்தார். 'ஸ்லேட் 88. காட்சி 74.' காலையில் அவளே படித்த வரிதான். திடீரென்று, அவர் நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. நாளெல்லாம் துடித்துக்கொண்டிருந்த பென்சிலை அவள் மேசைமேல் வைத்துவிட்டாள்.

கிரிம்ஷா நிறுத்தவில்லை. "நம்ம ஊர்ப் படத்துல கிளாப் பலகையில போடற ஸ்லேட் நம்பருக்கும் ஸ்கிரிப்ட்ல இருக்கற காட்சி நம்பருக்கும் சம்பந்தம் கிடையாது. எடுக்க எடுக்க ஒண்ணு, ரெண்டுன்னு பலகை நம்பர் ஏறிக்கிட்டே போகும். டப்பாவுல எழுதறதும் அதுதான். எது எந்தக் காட்சின்னு சொல்றது மிஸ் பார்ஸ்லோவோட நோட் ஒண்ணுதான். கேமராகிட்ட நிக்கிறவங்க பலகை நம்பரை வெச்சுப் பேசுவாங்க. கையில ஸ்கிரிப்ட் மட்டும் இருக்கறவங்க காட்சி நம்பரை வெச்சுத் தேடுவாங்க. காட்சி எழுபத்துநாலு எது மிஸ் பார்ஸ்லோ?"

"நேத்து எடுத்தது. அமைச்சர் முன்னாடி பேசறது. பலகை எண்பத்தெட்டு."

"அட்டையைத் தூக்கிப் பிடிச்சது அந்தக் காட்சிக்கு மட்டும்தான். இல்லியா?"

"ஆமா."

"இன்னிக்கிக் காலையில எழுபத்துநாலாம் டப்பா போச்சுன்னு சொன்னப்ப, அட்டை பிடிச்ச பசங்களோட உழைப்பு வீணாச்சேன்னு ஒருத்தர் வருத்தப்பட்டாரு."

அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆல்பி கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"மேக்கப் கத்திரிக்கோல்," என்றார். "மீசை ட்ரிம் பண்றது. மொக்கை. விரல் கொப்புளிச்சுப் போச்சு, பாருங்க."

யாரும் பார்க்கவில்லை.

"அம்பது வருஷம்யா. ஒரு வார்த்தை விட்டதில்ல. காய்ச்சலோட நின்னிருக்கேன், என் பொண்டாட்டியைப் புதைச்ச அன்னிக்கு நின்னிருக்கேன். நேத்து ரெண்டு அட்டையைக் காட்டினாங்க, அதையும் தப்பாப் படிச்சேன். ஊர் பூரா தியேட்டர்ல உக்காந்து அதைப் பாக்கணுமா? ஸ்கிரிப்டைப் பாத்தேன், எழுபத்துநாலுன்னு இருந்துது. அலமாரியிலயும் எழுபத்துநாலுன்னு இருந்துது. வேலை முடிஞ்சுதுன்னு பஸ் ஏறிட்டேன்."

"நான் மாட்டினது தெரியும்ல?" என்று கேட்டான் நார்மன். அவன் குரல் உயரவில்லை.

"விட்டுடுவாங்கன்னு நெனைச்சேன்."

"விடலன்னா?"

"திங்கக்கிழமை சொல்லியிருப்பேன்."

"திங்கக்கிழமை என்கிட்ட கார்டு இருந்திருக்காது சார். உங்களைப் பாத்து சிரிச்சாங்கன்னுதான் நான் வாயைத் திறந்தேன்."

ஆல்பி மேசையைப் பார்த்தபடி சொன்னார், "சொல்லணும்னு நெனைச்சு, மறந்துட்டேன்னு சொன்னா நம்புவியா?"

"அதான் சார் கஷ்டமே," என்றான் நார்மன். "நம்புவேன்."

கிரேக் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ஹெஸ்லப் மேல் குற்றம் இல்லை, கார்டு அவனிடமே இருக்கும் என்றார். அலமாரிச் சாவியை ஆணியில் மாட்டியதற்கு மட்டும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றும், அது வீட்டு முகவரிக்கு வருமா ஸ்டூடியோ முகவரிக்கா என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார். புல்லன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் சற்றே தெளிந்திருந்தது.

"அப்ப நேத்து எடுத்தது பத்திரமா இருக்கு," என்றார். "பத்தொன்பது டேக்கும். இன்னிக்கி வண்டியில போயிடும். ஒட்டி ஒட்டி ஒரு காட்சி தேத்திடலாம்."

ஆல்பி நிமிர்ந்தார். அதுவரை அவருக்கு அது உறைக்கவே இல்லை. கிரிம்ஷா சொன்னதில் பாதிதான் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அப்ப நான் வெட்டினது என்னது?"

கீபிள் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டினார். கடைசியில் எனிடுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"செவ்வாக்கிழமை எடுத்தது, ஆல்பி. நீங்க காகிதம் சாப்பிட்டது."

"காகிதம் சாப்பிட்டேனா?"

அவர் விளையாடவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். பக்கத்து வீட்டில் நடந்த விஷயத்தை விசாரிப்பதுபோல் இருந்தது அது.

"என்ன பண்ணேன்? நல்லா இருந்துதா? படி, கண்ணு. அதுல எழுதி வெச்சிருப்பியே."

அவள் புல்லனைப் பார்த்தாள். புல்லன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். தன் வேலையில் எப்படி எழுதுவாளோ அப்படியேதான் எழுதியிருந்தது, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"ஸ்லேட் எழுபத்துநான்கு. காட்சி முப்பத்தொன்று. டேக் ஒன்று. ஆ.ட. ரகசியத் தாளை இடக்கையால் வாயில் வைக்கிறார். மெல்கிறார். ரஷ்ய அதிகாரி பார்க்கிறார். மெல்வதை நிறுத்துகிறார். வலக்கையால் உப்புக் குப்பியை எடுக்கிறார். இரண்டாவது தாளுக்கு உப்புப் போடுகிறார். ருசி பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் போடுகிறார். மூன்றாவது தாளை அதிகாரியிடம் நீட்டுகிறார். அதிகாரி வாங்குகிறார். இருவரும் மெல்கிறார்கள். நேரம் இரண்டு நிமிடம் முப்பத்தொரு வினாடி. நன்று. பிரிண்ட் போடவும்."

சுவரோரம் நின்ற யாரும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

ஆல்பி நோட்டை எட்டிப் பார்த்தார். "உப்பு போட்டது ஸ்கிரிப்ட்ல இருந்துதா?"

"இல்ல. நீங்களே போட்டீங்க."

"நல்லா இருக்கு," என்றார் ஆல்பி, வேறு எவனோ ஒரு கோமாளியைப் பாராட்டுவதுபோல. "அந்த உப்பு நல்லா இருக்கு."

கிரிம்ஷா எழுந்து தமது கோப்பையைக் கழுவப் போனார். அந்தப் படத்தில் அதற்குப் பிறகு அவர் ஆலோசனை ஏதும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நாலரைக்கு மணி அடித்தது. விளக்குகள் எரிந்தன. மாஸ்கோவாக இருந்த அமைச்சகத்தின் முன்னால் ஆல்பி வந்து நின்றார். அவர் முகத்துக்கு வெகு அருகே கேமரா. லைட்காரர்கள் இருவரும் சொல்லாமலே வசன அட்டைகளை எடுத்துக்கொண்டு இருபுறமும் நின்றார்கள்.

கேமரா முகத்துக்கு நெருக்கமாக இருக்கும்போது கிளாப் பலகையை மெல்லத் தட்டுவது அந்தத் தொழிலில் ஒரு மரியாதை. நடிகர் திடுக்கிட்டுவிடக் கூடாது என்பதற்காக. வயதானவர்களுக்கு நார்மன் அதை விரல் சொடுக்குவதைவிட மெதுவாகச் செய்வான் என்று எனிடின் நோட்டிலேயே ஓர் இடத்தில் இருக்கிறது.

நார்மன் பலகையைக் கிழவரின் மூக்குக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தான்.

"ஸ்லேட் தொண்ணூற்றொண்ணு. டேக் ஒண்ணு," என்று சொல்லி, முழு பலத்தோடு தட்டினான்.

ஆல்பியின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. திறந்தபோது அவை இடப்பக்க அட்டையைத் தேடின, பிறகு வலப்பக்கத்தை, பிறகு மறுபடி இடப்பக்கத்தை. எனிட் ஸ்டாப்வாட்சை அழுத்தி, வினாடிகளை எண்ண ஆரம்பித்தாள்.